கல் உடையலாம், கோல் பிளக்கக் கூடாது: மர அம்பில் கல்முனை பொருத்தும் நுட்பம்

தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் கிடைத்த குவார்ட்ஸ் கல் சில்லுகள், சுமார் 64,000 ஆண்டுகளுக்கு முந்தைய அம்புமுனைகளாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்த மாதிரிச் செய்தியைப் படித்ததும் ஒரு சந்தேகம் வரும். அங்கே வில் கிடைக்கவில்லை, அம்பின் மரமும் கிடைக்கவில்லை. சின்னச் சின்னக் கல் துண்டுகள்தான் இருந்தன. அதை வைத்துக்கொண்டு அம்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதற்குத் தலைகீழான இன்னொரு சந்தேகமும் உண்டு. கல்முனை அம்பு செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்: கண்ணாடி போல நொறுங்கும் கல்லை ஒரு குச்சியின் நுனியில் கட்டிவிட்டால், எலும்பில் மோதியதும் அது கழன்று விழுந்துவிடாதா?

இரண்டு கேள்விக்கும் பதில், கல்லும் மரமும் சேரும் ஒரு சென்டிமீட்டர் மூட்டில் இருக்கிறது. பார்ப்பவர் கண் போவது கல்லின் அழகுக்கு. அம்பு செய்பவரின் கவலை முழுக்க அந்த மூட்டைப் பற்றியது.

முதலில் நாலைந்து சொற்கள்

அம்பின் உடல் கோல். அதன் பின்நுனியில் நாண் வந்து உட்காரும் வெட்டுக்குத் தமிழில் குதை என்று பழைய சொல் இருக்கிறது. முன்நுனியில் கல்லைச் செருக வெட்டும் பள்ளத்துக்குத் தச்சர்கள் சொல்லும் காடி என்ற சொல்லே பொருந்தும். கல்முனையின் அடிப்பாகத்தில் இரண்டு பக்கமும் கட்டு பிடிப்பதற்காகச் செதுக்கும் சிறு பள்ளங்களைப் பக்கவெட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கவெட்டுக்கும் நடுவில் எஞ்சும் ஒடுங்கிய பகுதி கழுத்து.

எல்லாக் கல்லும் இதற்கு ஆகாது. அடித்தால் கிண்ணக் குழிவாகச் சில்லு பெயரும் கல் வேண்டும்: சிக்கிமுக்கிக் கல், செர்ட், குவார்ட்ஸ், அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி. 1911இல் கலிஃபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி என்னும் அமெரிக்கப் பழங்குடி இனத்தவரான இஷி, அப்சிடியனைப் போலவே கண்ணாடிப் பாட்டில் துண்டுகளிலும் முனை செதுக்கினார். இரண்டும் உடையும் விதம் ஒன்றுதான்.

மூட்டின் மேல் விழும் விசை

ஒரு சின்னக் கணக்கு. 35 கிராம் அம்பு, நொடிக்கு 45 மீட்டர் வேகம். மரத்தாலான வில்லுக்கு இது நியாயமான வேகம்தான். அம்பிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 35 ஜூல். அது எலும்பில் பட்டு 2 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், சராசரியாக 1,750 நியூட்டன் விசை வருகிறது. கிட்டத்தட்ட 180 கிலோ எடையைக் கோலின் நுனியில் ஏற்றி வைத்த மாதிரி.

அந்த விசை எந்தத் திசையில் வருகிறது என்பதுதான் முக்கியம். கல்லைக் கோலுக்குள் பின்னோக்கித் தள்ளுகிறது. வில்லை விட்டுக் கிளம்பும் நொடியிலும் அப்படித்தான்: கோல் முன்னே பாய, கல் தன் சடத்துவத்தால் பின்னுக்கு அழுந்துகிறது. ஆக, பறக்கும்போதும் தைக்கும்போதும் கல்லை யாரும் வெளியே இழுப்பதில்லை. இழுவிசை வருவது அம்பைப் பிடுங்கும்போது மட்டும்.

இதைப் புரிந்துகொண்டால் மூட்டின் வேலை மூன்றாகப் பிரிந்துவிடும்.

1. பின்னோக்கி வரும் அழுத்தத்தைக் காடியின் அடிமட்டம் தாங்க வேண்டும். இது மரத்தின் வேலை.
2. கல் பக்கவாட்டில் ஆடாமல், இடுக்குகளை எல்லாம் நிரப்பிப் பிடிக்க வேண்டும். இது பசையின் வேலை.
3. பின்னால் தள்ளப்படும் கல், ஆப்பு மாதிரி கோலைப் பிளக்கும். அதைத் தடுக்க வேண்டும். இது கட்டின் வேலை.

புதிதாகச் செய்பவர்கள் மூன்றையும் பசையின் தலையில் சுமத்திவிடுகிறார்கள். நல்ல பசையாகக் கிடைத்தால் போதும், எல்லாம் நின்றுவிடும் என்ற நினைப்பு. காடி சரியாக இல்லாத அம்பில் எந்தப் பசை போட்டாலும் இரண்டாவது எய்தலில் கல் ஆடத் தொடங்கிவிடும்.

காடி: அரை மில்லிமீட்டர் விவகாரம்

கோலின் தடிமன் பெரும்பாலும் 8 அல்லது 9 மில்லிமீட்டர். அதில் காடி சுமார் 1 சென்டிமீட்டர் ஆழம், கல்லின் அடிப்பாகம் நுழையும் அளவு அகலம். சொல்லும்போது சுலபமாக இருக்கும். ஆனால் கையால் செதுக்கிய கல்லின் அடிப்பாகம் ஒரே தடிமனாக இருக்காது. நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்து இருக்கும். ஆகவே காடியைப் பொதுவான அளவில் வெட்டிவிட்டுக் கல்லைத் தேட முடியாது. இந்தக் கல்லுக்கு இந்தக் காடி என்று தனித்தனியாக வெட்ட வேண்டும்.

கல்லைச் செருகி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கல்லின் அடிக்கும் காடியின் அடிக்கும் நடுவில் வெளிச்சக் கீற்று தெரிந்தால், கல் மரத்தில் உட்காரவில்லை, அந்தரத்தில் தொங்குகிறது. மோதும்போது அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளியை அது வேகமாகக் கடந்து, மரத்தைச் சுத்தியல் போல அடிக்கும். கொஞ்சம் கரி தடவிச் செருகி எடுத்தால், காடியில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அந்த இடத்தைச் சுரண்டலாம். திரும்பச் செருகி, திரும்பச் சுரண்டி, நாலைந்து முறை போனால் முழு அடியும் படியும்.

காடியின் அடி V வடிவில் கூராக இருக்கக் கூடாது, சற்றே அகன்று U போல இருக்க வேண்டும். கல்லின் அடியோரமும் கூராக இருக்கக் கூடாது. கூரான அடியும் கூரான பள்ளமும் சேர்ந்தால் அது கோடாலியும் விறகும்தான். மரத்தின் ஆண்டு வளையக் கோடுகளைக் குறுக்கே வெட்டும்படி காடியை வைத்தால், வளையத்தின் வழியே பிளக்கும் ஆபத்து குறைகிறது. குதை வெட்டுவதற்கும் இதே விதிதான்.

நாணல், மூங்கில் போன்ற உள்ளீடற்ற கோலில் இந்தக் காடியே வெட்ட முடியாது. அதற்கு முன்கோல் வேண்டும். கடினமான மரத்தில் ஒரு சாண் அளவுக்குத் துண்டு செய்து, அதில் கல்லைப் பொருத்தி, அந்தத் துண்டை நாணலின் துளைக்குள் செருகிவிடுவது. உடைந்தால் முன்கோலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கெட்டிக் கோலிலும் இதைச் செய்வதுண்டு. ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்கடியிலிருந்து வெளிப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஏட்சி என்னும் உறைந்த மனிதரின் அம்பறாத்தூணியில் 14 கோல்கள் இருந்தன. கல்முனையும் சிறகும் பொருத்தி முடித்தவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றில், வைபர்னம் மரக் கோலின் முன்னால் வேறொரு கடினமான மரத்தில் செய்த முன்கோல் இருக்கிறது.

பிசின் என்றால் எந்தப் பிசின்?

இந்த இடத்தில் தமிழ் நம் காலை வாருகிறது. மரத்திலிருந்து வடியும் எல்லாவற்றையும் பிசின் என்று சொல்லிவிடுகிறோம். வேதியியலில் அவை இரண்டு சாதி. கருவேலம்பிசின் போன்றவை சர்க்கரைச் சேர்மங்களால் ஆனவை. தண்ணீரில் கரையும், சூட்டில் உருகாது. பைன் மரப் பிசின், குங்கிலியம் போன்றவை நேர் எதிர்: தண்ணீரில் கரையாது, சூட்டில் உருகும். அம்புக்கு "பிசின் தடவு" என்ற குறிப்பைப் படித்துவிட்டு முதல் வகையைத் தடவினால், ஒரு பனிக்காலைப் பொழுதிலேயே மூட்டு இளகிவிடும்.

உருகும் வகையை அப்படியே போட்டாலும் வேலைக்கு ஆகாது. பைன் பிசின் தனியாக ஆறினால் கற்கண்டு மாதிரி, தட்டினால் தூளாகும். அதனால் இரண்டு பொருள் சேர்க்கிறார்கள். கரித்தூள் நிரப்பியாக இருந்து விரிசல் ஓடுவதைத் தடுக்கிறது. தேன்மெழுகோ கொழுப்போ சேர்ந்தால் கொஞ்சம் வளையும் தன்மை வருகிறது. மூன்று நான்கு பங்கு பிசினுக்கு ஒரு பங்கு கரித்தூள், சிறிதளவு மெழுகு என்று தொடங்கலாம். தாவரம் தின்னும் விலங்குகளின் உலர்ந்த சாணத்தைப் பொடித்துச் சேர்ப்பவர்களும் உண்டு. அதிலுள்ள நார், சுவர்ப்பூச்சில் வைக்கோல் செய்யும் வேலையைச் செய்கிறது. சரியான விகிதம் பிசினுக்குப் பிசின் மாறும். ஒரு குச்சி நுனியில் தொட்டுத் தண்ணீரில் முக்கி, நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். தூளானால் மெழுகு போதவில்லை. நகம் உள்ளே போனால் மெழுகு அதிகம்.

கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் அதிலுள்ள டர்பென்டைன் எண்ணெய் ஆவியாகி, மிஞ்சுவது நொறுங்கும் கட்டி. தவிர அந்த ஆவி சட்டென்று தீப்பற்றும்.

ஐரோப்பாவில் வேறொரு வழி இருந்தது. பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் கறுப்பான கீல் வடியும். இத்தாலியில் இந்தக் கீல் ஒட்டிய கல் சில்லுகள் சுமார் 2 லட்சம் ஆண்டுப் பழமையான படிவில் கிடைத்திருக்கின்றன. அது நியாண்டர்தால் மனிதர்களின் காலம். ஏட்சியின் அம்புமுனைகளும் பிர்ச் கீலில் பதித்து, மேலே நூல் சுற்றியவைதான்.

சிபுடுவில் கிடைத்தது இன்னும் சுவாரஸ்யமானது. அங்குள்ள கல் கருவிகளில் தாவரப் பிசினோடு செங்காவியும் ஒட்டியிருந்தது. காவி அழகுக்காகப் பூசியது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தொல்லியலாளர் லின் வாட்லியும் அவருடைய குழுவும் அதைச் செய்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் கருவேல வகைப் பிசின் ஈரத்தை இழுத்து இளகியது. காவித்தூள் சேர்த்து நெருப்புக்கு அருகில் பதமாக உலர்த்தியபோது கெட்டிப்பட்டது. கையில் கிடைத்தது கரையும் சாதிப் பிசின் மட்டுமே என்னும்போது, அதன் குறையை மண்ணை வைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். கல்லின் எந்தப் பக்கம் பசை இருக்கிறது, எந்தப் பக்கம் இரத்தமும் எலும்பும் ஒட்டியிருக்கின்றன என்று நுண்ணோக்கியில் பிரித்துப் பார்த்துத்தான் "இது கோலில் பொருத்தியது" என்கிறார்கள். முதல் கேள்விக்குப் பாதி பதில் இது.

கட்டு: நாணுக்குள் இருக்கும் நாண்

தசையை எலும்போடு இணைக்கும் வெண்ணாருக்குத் தசைநாண் என்று பெயர். கயிறாக உதவும் என்பது பெயரிலேயே இருக்கிறது. விலங்கின் முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீளமான பட்டையும், பின்னங்காலின் குட்டையான தடித்த நாணும் இதற்கு எடுக்கப்படுகின்றன.

காய்ந்த தசைநாண் மஞ்சள் கண்ணாடிக் குச்சி மாதிரி இருக்கும், வளையாது. வழுவழுப்பான கல்லால் மரக்கட்டை மேல் வைத்துத் தட்டத் தட்ட, அது வெளுத்துப் பஞ்சு போலப் பிரியும். அதிலிருந்து நூலிழைகளாகக் கிழித்து எடுத்து, வாயில் போட்டு மென்று ஊறவைப்பது பழைய முறை. தண்ணீரில் நனைத்தாலும் சரி. நனைந்ததும் இழை மெத்தென்று ஆகி, மேலே வழுக்கலாக ஒரு பசை வரும். அது கொலாஜன். தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்தும் வச்சிரமும் அதே பொருள்தான். அதனால் இந்தக் கட்டுக்கு முடிச்சே தேவையில்லை. சுற்றி முடித்து நுனியை விரலால் தடவிவிட்டால் ஒட்டிக்கொள்கிறது. காயும்போது சுருங்கி, கையால் இழுத்துக் கட்டியதைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: ஈரம் பட்டால் திரும்ப இளகும். அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜோசப் பில் 1862இல் அம்புக் காயங்களைப் பற்றி எழுதியபோது இதை எச்சரித்தார். அவர் கண்டவை இரும்பு முனைகள். காயத்துக்குள் தசைநாண் கட்டு நனைந்து தளர்ந்துவிடும், அப்புறம் கோலை இழுத்தால் கோல் மட்டும் கையோடு வரும், முனை உள்ளேயே தங்கிவிடும் என்றார். ஏட்சியின் இடது தோளுக்குள் கல்முனை இருப்பதும் 2001இல்தான் எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. கோல் அங்கே இல்லை. வேட்டை அம்பில் இதைத் தவிர்க்க, காய்ந்த கட்டின் மேல் பிசின் கலவையை மெல்லப் பூசிவிடுகிறார்கள்.

பருத்தி நூல், மெழுகு தடவிய செயற்கை நூல் எல்லாம் பயன்படுத்தலாம். ஆனால் புடைப்பு கூடிவிடும். கல் வெட்டித் திறக்கும் வழியைவிடக் கட்டு தடிமனாக இருந்தால், தோலில் அந்த இடத்தில் அம்பு முட்டிக்கொள்ளும். இழையின் மெல்லிசுக்காகவே தசைநாணுக்கு மாற்று இல்லை என்பது என் கணிப்பு.

வேலை நடக்கும் வரிசை

1. காடி வெட்டும் முன்பே, அது முடியப்போகும் இடத்துக்குச் சற்றுக் கீழே கோலைச் சுற்றித் தசைநாண் கட்டு போட்டுக் காயவிடுங்கள். வெட்டும்போதே கோல் பிளந்துபோவது இதனால் நிற்கும்.
2. கல்லின் அடியோரத்தையும் பக்கவெட்டுகளையும் சொரசொரப்பான கல்லில் தேய்த்து மழுக்குங்கள். புதிதாகச் செய்பவர்கள் மறப்பது இதை. கூரான பக்கவெட்டு, தன் மேல் சுற்றிய கட்டைத் தானே அறுத்துவிடும். பழைய முனைகளில் அடிப்பாகம் மட்டும் மழுங்கியிருப்பதை நிறையப் பார்க்கலாம். தேய்மானம் அல்ல, வேண்டுமென்றே செய்தது.
3. காடியை வெட்டி, முன்பு சொன்னபடி கல்லைப் படியவையுங்கள்.
4. காடியின் இரண்டு உதடுகளையும் கல்லை நோக்கிச் சரிவாக இழைத்து, கல்லின் மட்டத்தோடு சேருங்கள். விரலால் தடவினால் படி தட்டுப்படக் கூடாது.
5. கல்லை மெல்லச் சூடுபடுத்திப் பிசின் கலவையில் தோய்த்துச் செருகுங்கள். சட்டென்று நெருப்பில் காட்டினால் கல் விரிசல் விடும்.
6. பிசின் இளகியிருக்கும்போதே கோலை விரல் நகங்களின் மேல் வைத்துச் சுழற்றுங்கள். முனை ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் திருத்துங்கள். ஆறிவிட்டால் மறுபடி சூடாக்கலாம்; இந்தப் பசையின் பெரிய வசதி அது.
7. பக்கவெட்டுகள் வழியாகக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு மூன்று சுற்று, பிறகு காடியின் அடியைத் தாண்டிக் கீழே வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். ஒரு நாள் காயட்டும். அதன் மேல் பிசின் பூச்சு.

கல் செதுக்கும் தூசி சிலிக்கா. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. திறந்த வெளியில், காற்று தூசியை முகத்தை விட்டு விலக்கிக்கொண்டு போகும்படி உட்கார்ந்து, முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுச் செய்ய வேண்டிய வேலை.

எடை மாறினால் அம்பு திரும்பும்

இன்றைய வில்லாளர்கள் இடும் உலோக முனை பெரும்பாலும் 100 முதல் 125 கிரெயின், அதாவது 6.5 முதல் 8 கிராம். சிறிய கல்முனை 2, 3 கிராம்தான் இருக்கும். நாணை விட்டதும் கோல் வளைந்து, வில்லின் பக்கவாட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. முன்னால் கனம் குறைந்தால் கோல் அவ்வளவு வளையாது, விறைப்பான கோல் போல நடந்துகொள்ளும். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அம்பு இடது பக்கம் ஒதுங்கும். கோலைக் கொஞ்சம் மெலிதாக இழைப்பது, அல்லது சற்று நீளமாக விடுவது இதற்குத் தீர்வு. உலோக முனைக்குப் பழக்கிய கோலில் கல்லை மாட்டிவிட்டு, குறி தவறுவதற்குக் கல்லைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

கல் எந்த அளவுக்கு வேலை செய்யும்?

அப்சிடியனின் விளிம்பு சில நானோமீட்டர் அளவுக்கு மெலிதாக உடையும். தோலையும் தசையையும் அறுப்பதில் எஃகுக்கு அது இளைத்ததல்ல. எலும்பில் பட்டால் கதை வேறு: எஃகு வளையும், கல் நொறுங்கும்.

வெறுமனே கூராக்கிய மரமுனையைவிடக் கல் எவ்வளவு ஆழமாகப் போகும் என்று 2009இல் வெளியான ஒரு சோதனை அளந்து பார்த்தது. வித்தியாசம் சுமார் 10 சதவீதம்தான். இவ்வளவு பாடு இதற்குத்தானா என்று தோன்றும். ஆழத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான். மரமுனை துளையிடுகிறது, கல் அகலமாக அறுக்கிறது. விலங்கு விழுவது இரத்தம் போவதால், ஆகவே அறுத்த அகலத்துக்குத்தான் மதிப்பு.

வில் வேட்டையே தடைசெய்யப்பட்ட நாடுகள் பல. அனுமதிக்கும் இடங்களிலும் முனையின் அகலம், பொருள் பற்றித் தனி விதிகள் இருக்கும். கல்லை அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் வேட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது. செய்த முனைகளை வெளியில் சிதறவிடுவதும் தவறு. நாளை யாராவது எடுத்துத் தொல்பொருள் என்று நினைப்பார். பொறுப்பான செதுக்காளர்கள் அடிப்பாகத்தில் தங்கள் அடையாளத்தைக் கீறி வைக்கிறார்கள்.

உடைந்த அடிகள் ஏன் முகாமில் கிடைக்கின்றன?

முதல் கேள்வியின் மீதிப் பாதி இங்கே இருக்கிறது. அம்புமுனையை ஈட்டிமுனையிலிருந்து பிரிக்கத் தொல்லியலாளர்கள் பார்க்கும் அளவுகளில் ஒன்று கழுத்தின் அகலம். கழுத்து கோலுக்கு ஏற்றபடி அமைய வேண்டும் என்பதால், மரம் மட்கிப்போன பிறகும் கோலின் தடிமனைக் கல் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று, உடைந்த துண்டுகள் கிடைக்கும் இடம். பழைய வேட்டை முகாம்களைத் தோண்டினால் கல்முனைகளின் அடித்துண்டுகள் நிறைய வரும், நுனிகள் குறைவு. காரணம் எளிது. அடித்ததும் கல் கழுத்தில் ஒடிகிறது. நுனி விலங்கோடு போகிறது, அல்லது காட்டில் விழுகிறது. அடித்துண்டு கட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு கோலோடு முகாமுக்குத் திரும்புகிறது. ஏனென்றால் கோலை யாரும் தூக்கி எறிவதில்லை. நேரான கிளை பார்த்து வெட்டி, பல வாரம் உலர்த்தி, நெருப்பில் காட்டிக் காட்டி நிமிர்த்தி, சிறகு கட்டிய கோல் அது. கை பழகியவருக்குப் புதிய கல்முனை அரை மணி நேர வேலை. நெருப்பின் ஓரம் உட்கார்ந்து மூட்டைச் சூட்டில் காட்டினால் பிசின் இளகும். கட்டை அறுத்து ஒடிந்த அடியைத் தட்டிவிட்டு, அதே காடியில் அடுத்த கல்லை வைத்துப் பார்க்கலாம். தட்டிவிட்ட அந்தத் துண்டுதான் அடுப்புச் சாம்பலோடு நமக்குக் கிடைக்கிறது.